மூன்றில் இரண்டு

தலைஞாயிற்றுக்குத் தெற்கே
அரிச்சந்திரா நதியில் உப்பு வாடை தொடங்கும் இடம்.
புல எண் இருநூற்றுப் பதினான்கு.
உட்பிரிவு கேட்டு மனு: நீலாயதாட்சி, வயது ஐம்பத்திரண்டு.
எதிரே அவள் அண்ணன் வேதரத்தினம்.
அளக்கப் போனவள் நான்.

கருவியின் பேட்டரி பத்தரைக்கே செத்துவிட்டது.
சங்கிலி இருந்தது, முளைக்குச்சி இருந்தது,
யூரியா வாங்கிய ரசீதின் பின்பக்கம் காலியாக இருந்தது.

"வாய்க்காலுக்குச் செங்குத்தாப் போடுங்கம்மா.
சாய்ச்சுப் போட்டா மடை அவங்க பக்கம் போயிடும்"
என்றாள், அண்ணனைப் பார்க்காமல்.

கரையோரமாகக் கிழக்கே முப்பது மீட்டர் போனால்
வடக்கே இருபது ஏறுகிறது வாய்க்கால்.
சாய்வு மூன்றில் இரண்டு.
தலைகீழாக்கினேன்: இரண்டில் மூன்று.
மேற்கே இருபது, தெற்கே முப்பது, ஊன்று குச்சியை.
அந்த வெயிலில் அவ்வளவுதான் ஞாபகம் வந்தது.

கயிறு கட்டி முடித்தோம்.
அவள் கயிற்றைப் பார்த்தாள், வாய்க்காலைப் பார்த்தாள்,
"இது அதுகூடவே ஓடுதே" என்றாள்.
"எம் பங்கு என்ன, முறமா?"
வேதரத்தினம் வாயே திறக்கவில்லை.
முறத்துக்கு வெளியே இருந்ததெல்லாம் அவன் பக்கம்.

குறியை மாற்ற மறந்திருக்கிறேன்.
நீடாமங்கலத்தில், பத்தாம் வகுப்பு அரையாண்டில்,
இதே இடத்தில் எனக்கு இரண்டு மார்க் போனது.
இங்கே போயிருக்கக்கூடியது ஒன்றே கால் மா.

தலைகீழாக்கினால் போதாது,
ஏறுவதை இறங்கவும் வைக்க வேண்டும்.
கழித்தல் இரண்டில் மூன்று.
இரண்டு சாய்வையும் பெருக்கிப் பார்த்தேன்:
மேலே உள்ள மூன்று கீழே உள்ள மூன்றோடு போனது,
இரண்டு இரண்டோடு போனது,
கழித்தல் ஒன்று மட்டும் ரசீதில் மிஞ்சியது.
அது மிஞ்சினால்தான் செங்கோணம்.

கிழக்கே இருபது. தெற்கே முப்பது.

தப்பான குச்சியை வேதரத்தினமே பிடுங்கப் போனான்.
களி விடவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான்.
கோபமா வெட்கமா, முதுகில் தெரியவில்லை.

இதெல்லாம் தாளில், வடக்கை மேலே வைத்து வரைந்த கணக்கு.
மண்ணுக்கு இன்னொரு சாய்வு இருக்கிறது.
மேட்டூரில் புறப்பட்ட தண்ணீர்
இந்தக் கடைமடையில் கிலோமீட்டருக்கு ஒரு சாண் இறங்கினால் அதிகம்.
ஐயாயிரத்தில் ஒன்று என்று வையுங்கள்.
அதற்குச் செங்குத்தாக ஒன்றை நிறுத்தினால் ஐயாயிரம்,
ஏறக்குறைய பனை.
இன்னும் கொஞ்சம் தட்டையானால் சுழியம்.
சுழியத்தைத் தலைகீழாக்க ஆகாது.
"வரையறுக்கப்படவில்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டு
பாடப்புத்தகம் அடுத்த பயிற்சிக்குப் போய்விடும்.
எனக்கு எதிரே, வரையறுக்கப்படாமல்,
இருநூறடி இறங்கி நின்றது ஒரு போர்க்குழாய்.
கொடுத்ததெல்லாம் உப்பு.
கஜாவுக்குத் தப்பிய ஒற்றைத் தென்னை
இந்தக் கணக்கில் சேராது.
அது சாய்ந்துதான் தப்பியது.

மூன்று மணிக்குக் கல் இறங்கியது.
ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள், பேச்சில்லாமல்.
"இந்தக் களியில ரெண்டு மழை பேஞ்சா கல்லு சாஞ்சிடும்"
என்றான் அவன், என்னிடம்.
"சாஞ்சா மறுபடி மனு போடுறேன்"
என்றாள் அவள், அவளும் என்னிடமே.

இருவரிடமும் கையெழுத்து வாங்கினேன்.
ரசீதைத் திருப்பிக் கேட்டான், மானியத்துக்கு வேண்டுமாம்.
என் தப்பும் திருத்தமும் அவன் சட்டைப் பையில் மடிந்தன.

சங்கிலியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு
பஸ்ஸுக்காகக் கரையோரம் நடந்தேன்,
கிழக்கே மூன்றடிக்கு
வடக்கே இரண்டடி.